ஸ்டீல் கிட்டாரில் நத்தார் கீதங்களை வாசிப்பது எப்படி

கொழும்பில் நவம்பர் முடியும் முன்பே பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் ஒளிவிழா ஒத்திகைகள் தொடங்கிவிடுகின்றன. கீபோர்டுக்கும் வயலினுக்கும் அங்கே எளிதில் இடம் கிடைத்துவிடுகிறது. மடியில் கிடத்தி உலோக உருளையால் வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் பாடகர் குழுவின் பொறுப்பாளர் சற்றுத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வாத்தியத்தை வாசிக்கும் பலர் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த சுரம்வரை இழுத்தே கொண்டுபோகிறார்கள். சபையார் ஒன்றாகச் சேர்ந்து பாடுவதற்கென, அசைக்கு ஒரு சுரமாக நேராக அமைந்த நத்தார் கீதம் அந்த இழுவையில் உருக்குலைந்துபோகிறது. ஆகவே, எங்கே இழுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னர் எங்கே இழுக்கக் கூடாது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்பதையே இந்த வழிகாட்டி முழுவதிலும் வலியுறுத்தப்போகிறேன்.

சாதாரண கிட்டாரில் நான்கைந்து கோர்ட்டுகளாவது பிடிக்கத் தெரிந்து, ஸ்டீல் கிட்டாருக்குப் புதியவராக இருப்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தந்தி எண்ணும் ஃபிரெட் எண்ணும் போதும். மிக மெல்லிய தந்தி 1ஆம் தந்தி என்றும் மிகத் தடித்தது 6ஆம் தந்தி என்றும் கொள்க.

வாத்தியமும் சுருதியும்

ஸ்டீல் கிட்டார் என்ற பெயரில் பல வகைகள் உள்ளன. கால் மிதிகளும் முழங்கால் நெம்புகளும் கொண்ட பெடல் ஸ்டீல் விலை அதிகமானது, பழகுவதற்கும் நீண்ட காலம் எடுக்கும்; நத்தார் கீதங்களுக்கு அது தேவையில்லை. ஆறு தந்திகள் கொண்ட, மின்சாரத்தில் இயங்கும் லாப் ஸ்டீல் ஒன்று இருந்தால் நல்லது. அது கிடைக்காதவர்கள் வீட்டில் கிடக்கும் சாதாரண அகூஸ்டிக் கிட்டாரில் தந்திகளைத் தூக்கி நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் நட் ஒன்றைப் பொருத்தித் தொடங்கலாம். பழைய தலைமுறையினர் ஹவாயன் கிட்டார் என்று அழைத்தது பெரும்பாலும் இவ்வாறு மாற்றப்பட்ட கிட்டாரைத்தான்.

சுருதி சேர்ப்பதில் பல முறைகள் இருந்தாலும் நத்தார் கீதங்களுக்கு நான் பரிந்துரைப்பது சி6 எனப்படும் முறை. 6ஆம் தந்தியிலிருந்து மேல்நோக்கி சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று அது அமையும். இதன் சிறப்பு என்னவென்றால், ஒரே இடத்தில் பாரை, அதாவது வாசிக்கும் உலோக உருளையை, வைத்தபடி 6, 5, 4ஆம் தந்திகளை மீட்டினால் மேஜர் கோர்ட்டும், 3, 2, 1ஆம் தந்திகளை மீட்டினால் மைனர் கோர்ட்டும் கிடைக்கும். இடையில் இருக்கும் 3ஆம் தந்தியின் ஏ சுரம்தான் ஹவாய் இசைக்கே உரிய அந்த இனிப்பைக் கொடுக்கிறது. வீட்டு விருந்தில் அந்த இனிப்பு நன்றாக இருக்கும், 1949இல் ஆர். அலெக்ஸ் அண்டர்சன் எழுதிய ஹவாய் நத்தார் பாடலான மெலே காலிகிமாகாவை அது இல்லாமல் வாசிக்கவே முடியாது. ஆனால் ஆராதனையில் ஒரு கீதத்தை முடிக்கும்போது ஆறு தந்திகளையும் வாரி மீட்டினால் ஆலயம் ஒரு நொடியில் ஹோட்டல் வரவேற்பறையாகிவிடும். அங்கே கடைசிக் கோர்ட்டை 6, 5, 4ஆம் தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை அவசியம். சாதாரண கிட்டார் தந்திகளை அப்படியே சி6க்கு ஏற்ற முயலக் கூடாது. வழக்கமான சுருதியில் டி ஆக இருக்கும் 4ஆம் தந்தி ஐந்து அரைச்சுரம் ஏற வேண்டியிருக்கும். 5ஆம் தந்தி ஏழும் 6ஆம் தந்தி எட்டும் ஏற வேண்டியிருக்கும். தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும், அல்லது கிட்டாரின் பாலம் பெயர்ந்து வரும். சி6க்கென்றே கனம் பொருத்திய லாப் ஸ்டீல் தந்திக்கூட்டம் விற்பனைக்கு உண்டு. கொழும்புக் கடைகளில் எப்போதும் கிடைக்காது என்பதால் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். தனித்தனித் தந்திகளாக வாங்கியும் பொருத்தலாம்.

அகூஸ்டிக் கிட்டாரை மாற்றி வாசிப்பவர்கள் சி6 ஆசையை விட்டுவிட்டு, டி, ஜி, டி, ஜி, பி, டி என்ற திறந்த ஜி சுருதிக்குப் போவதே பாதுகாப்பு. இதற்கு 6, 5, 1ஆம் தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும், எதையும் ஏற்ற வேண்டியதில்லை. கீழே நான் தரும் எண்கள் சி6க்கு உரியவை என்றாலும், கை நுட்பம் இரண்டுக்கும் ஒன்றே.

பார் எனப்படும் உலோக உருளையை மலிவாக வாங்கிவிடாதீர்கள். மிக இலேசான பார் தந்தியின் மேல் நடுங்கும். நடுங்கினால் கரகரவென்ற சத்தம் வரும். முக்கால் அங்குல விட்டமும் ஏறத்தாழ 3 அங்குல நீளமும் கொண்ட, ஒரு முனை குண்டாக உருட்டப்பட்ட துருப்பிடிக்காத உருக்கு உருளை ஏறத்தாழ 170 கிராம் நிறை இருக்கும். ஆறு தந்திக்கு அது பொருத்தமான கனம். கடையில் கிடைக்காவிட்டால் பஞ்சிகாவத்தைப் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறையில் அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம், ஆனால் மேற்பரப்பைக் கண்ணாடிபோல மெருகேற்றித் தரும்படி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடைசலின் நுண்ணிய வரிகள் மிஞ்சியிருந்தால் அவை ஒவ்வொரு நகர்விலும் தந்தியை உரசிச் சீறும். வலக்கைக்குக் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் பிக்கும் அடுத்த இரண்டு விரல்களில் உலோகப் பிக்கும் வழக்கம். வெறும் விரலால் வாசித்தாலும் பிழையில்லை. சத்தம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

பாரை வைப்பதும் சத்தத்தை அடக்குவதும்

சாதாரண கிட்டாரில் விரல் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தும். இங்கே பார் ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே, அதற்கு இணையாக நிற்க வேண்டும். தந்தியை அழுத்தவும் கூடாது, பாரின் சொந்தக் கனமே போதும். தலையைச் சற்று முன்னே சாய்த்து, கோட்டை நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். ஏமாற்றம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். இருபத்திரண்டரை அங்குலத் தந்தி நீளம் கொண்ட லாப் ஸ்டீலில் முதலாம் ஃபிரெட்டுக்கு 32 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது. 12க்கும் 13க்கும் இடையே அது 16 மில்லிமீற்றராகவும் 18க்கும் 19க்கும் இடையே ஏறத்தாழ 11 மில்லிமீற்றராகவும் சுருங்கிவிடுகிறது. 12ஆம் ஃபிரெட்டில் பார் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அரைச்சுரத்தில் ஆறு சதவீதம் பிசகுகிறது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகினால் சபையில் எல்லோர் காதிலும் படும்.

கண்ணை மட்டும் நம்பாமல் காதைப் பழக்குவதற்கு நம்மிடம் அருமையான ஒரு துணை உண்டு: சுருதிப் பெட்டி. கைத்தொலைபேசியில் உள்ள சுருதிப் பெட்டிச் செயலியை 1 கட்டையில், அதாவது சி சுரத்தில் ஒலிக்கவிட்டு, 12ஆம் ஃபிரெட்டில் 2ஆம் தந்தியை மீட்டி, இரண்டும் ஒன்றாகக் கலந்து அலையடிப்பு நிற்கும் இடத்தைத் தேடுங்கள். பிறகு பாரைத் தூக்கிவிட்டு, பார்க்காமல் மறுபடியும் அதே இடத்தில் வையுங்கள். இதைத் தினமும் பாடலுக்கு முன் சிறிது நேரம் செய்தால் மற்ற எல்லாப் பயிற்சிகளும் எளிதாகும்.

அடுத்தது சத்தத்தை அடக்குவது. தொடக்கநிலை வாசிப்புக்கும் தேர்ந்த வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும். இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் தந்திகளின் மேல் இலேசாகப் படிந்து வர வேண்டும். இல்லையென்றால் பாருக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள தந்திப் பகுதியும் சேர்ந்து முனகும். வலக்கையில், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகளில் ஒரு கணம் வைத்துச் சத்தத்தை நிறுத்துங்கள். நிறுத்து, பாரை நகர்த்து, மீட்டு என்ற இந்த வரிசை கைக்குப் பழகும்வரை எந்தக் கீதத்தையும் வேகமாக வாசிக்க வேண்டாம். இழுவையற்ற சுத்தமான சுரம் இந்த வரிசையிலிருந்துதான் பிறக்கிறது.

அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரை முன்னும் பின்னும் அசைத்துச் சுரத்தை நடுங்கச் செய்வது இந்த வாத்தியத்தின் அழகு. ஆனால் சுரம் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அது தொடங்க வேண்டும், மெதுவாக, கோட்டின் இரு பக்கமும் சம அளவில் போக வேண்டும். சுரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது அதை மறைப்பதற்காக நடுக்குவது, கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

முதற் கீதம்: ஒப்பில்லா திரு இரா

சைலண்ட் நைட் என்ற பெயரில் உலகம் அறிந்ததும் நம் ஆலயங்களில் ஒப்பில்லா திரு இரா என்று பாடப்படுவதுமான கீதத்தை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஜோசப் மோர் எழுதி ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்த இக்கீதம், 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃப் ஊரில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணையாக ஒலித்தது ஒரு கிட்டார்தான். ஆகவே கிட்டாரோடு இதை வாசிப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது: சி6 சுருதியில் இதன் முதலடி முழுவதும் 12ஆம் ஃபிரெட்டிலேயே கிடைத்துவிடுகிறது. பாரை அசைக்கவே வேண்டாம்.

பாரை 12இல் வைத்து 4, 3, 4, 5 என்ற வரிசையில் தந்திகளை மீட்டுங்கள். அதையே இன்னொரு முறை மீட்டினால் முதலடி முடிந்தது. இங்கே 3ஆம் தந்தியின் சுரம் மிகக் குறுகியது. முதற் சுரம் நீண்டு, இரண்டாவது சட்டென்று வந்து போய், மூன்றாவது நிற்க வேண்டும். குறுகிய சுரத்தில் அதிர்வு வேண்டாம். நான்காவதாக வரும் 5ஆம் தந்திச் சுரத்தில் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் அடிக்கு 2ஆம் தந்திக்குப் போங்கள்: 14, 14, 11. பிறகு அதே தந்தியில் 12, 12, தொடர்ந்து 4ஆம் தந்தியில் 12. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும் இடத்தில் கை இழுக்கத் துடிக்கும். அங்கே அடி பிரிகிறது, பாடுவோர் மூச்செடுக்கிறார்கள், ஆகவே நீங்களும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக மீட்ட வேண்டும்.

மூன்றாம் அடியில் 1ஆம் தந்தி: 5, 5, 8, 7, 5. உடனே 12ஆம் ஃபிரெட்டுக்குத் திரும்பி 4, 3, 4, 5ஆம் தந்திகள். நான்காம் அடியும் இதுவே. ஐந்திலிருந்து எட்டுக்கு ஏறும் இந்த இடம் இழுப்பதற்கு உரிய இடம். ஐந்தின் காலத்தை முழுவதும் கொடுத்துவிட்டு, கடைசிக் கணத்தில் மெதுவாக ஏறுங்கள். எட்டுக்கு வந்து சேர்ந்ததும் நின்றுவிடுங்கள், தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டாம்.

ஐந்தாம் அடி முழுவதும் 1ஆம் தந்தியிலேயே வருகிறது: 10, 10, 13, 10, 7, 8, 12. கீதத்தின் உச்சம் இந்தப் பதின்மூன்று. அதை இழுத்துப் பிடிக்காமல் நேராகப் போய் வைத்தால்தான் உச்சம் உச்சமாகக் கேட்கும். அடியின் கடைசியில் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறும்போது இரண்டாவது இழுவையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சரணத்துக்கு இந்த இரண்டு இழுவைகள் போதும். ஆறாம் அடியில் 2ஆம் தந்தியில் 12, 4ஆம் தந்தியில் 12, 5ஆம் தந்தியில் 12, மறுபடியும் 4ஆம் தந்தியில் 12, 10, 7, 5 என்று இறங்கி முடிக்க வேண்டும். தனியாக வாசிப்பவர் கடைசிச் சுரத்தை 4ஆம் தந்தியில் எடுப்பதற்குப் பதிலாகப் பாரை 12இல் வைத்து 6, 5, 4ஆம் தந்திகளை மெதுவாக வரிசையாக மீட்டினால் கோர்ட்டோடு முடியும்.

முதற் சரணத்தைத் தனிச் சுரங்களில் வாசித்துவிட்டு, இரண்டாம் சரணத்தை இரட்டைச் சுரங்களில் வாசிக்கலாம். மேலே மெட்டு, கீழே அதற்கு மூன்றாம் சுரம் என்று, இருவர் சேர்ந்து பாடுவதுபோல ஒலிக்கும். இதற்குப் பாரைச் சாய்த்துப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கற்க மாதங்கள் ஆகும்; சி6இல் அது இல்லாமலே சமாளிக்கலாம். 1ஆம் 2ஆம் தந்திகளைச் சேர்த்து மீட்டினால் மேஜர் மூன்றாம் சுரமும், 2ஆம் 3ஆம் தந்திகளைச் சேர்த்து மீட்டினால் மைனர் மூன்றாம் சுரமும் கிடைப்பதால், சி வரிசையின் எல்லா இரட்டைகளையும் பாரை நேராக வைத்தபடியே எடுக்க முடிகிறது. 2ஆம் 3ஆம் தந்திகளில் 5, 7. பிறகு 1ஆம் 2ஆம் தந்திகளில் 5, 7. மறுபடி 2ஆம் 3ஆம் தந்திகளில் 12, 14. கடைசியில் 1ஆம் 2ஆம் தந்திகளில் 12. இந்த ஏணியைச் சில நாட்கள் ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏணியின் மேற்சுரங்கள் வரிசையாக எஃப், ஜி, ஏ, பி, சி, டி, ஈ என்று வரும்.

அதைக் கீதத்தில் இப்படிப் பொருத்தலாம். முதலடியின் நான்கு சுரங்களுக்கு 2ஆம் 3ஆம் தந்திகளில் 7, அடுத்து 1ஆம் 2ஆம் தந்திகளில் 5, திரும்பவும் 2ஆம் 3ஆம் தந்திகளில் 7, இறுதியாக 5ஆம் 6ஆம் தந்திகளில் 12. மூன்றாம் அடியில் 1ஆம் 2ஆம் தந்திகளில் 5ஐ இருமுறை மீட்டி, 2ஆம் 3ஆம் தந்திகளில் 12க்குப் போய், 1ஆம் 2ஆம் தந்திகளில் 7, 5 என்று இறங்குங்கள். உச்ச அடியில் 2ஆம் 3ஆம் தந்திகளில் 14, 14, 17, 14 என்றும், 1ஆம் 2ஆம் தந்திகளில் 7 என்றும் எடுத்து, அடுத்து வரும் சுரத்தை 1ஆம் தந்தியில் 8ஆகத் தனியாக விட்டு, 1ஆம் 2ஆம் தந்திகளில் 12இல் முடியுங்கள். இந்த ஃபிரெட்டுகளுக்கு இடையே பெரிய தாவல்கள் இருப்பதால் சத்தத்தை அடக்கும் பழக்கம் இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. தாவும்போது இழுவை கேட்டால் இரட்டைச் சுரத்தின் அழகெல்லாம் போய்விடும்.

இறங்குவதும் தாவுவதும்

இழுவையை அடக்கப் பழகுவதற்கு ஜோய் டு த வேர்ல்ட் கீதத்தைப் போல ஒன்று கிடையாது. அதன் முதலடி, மேல் சுரத்திலிருந்து கீழ்ச் சுரம்வரை ஒரு முழு வரிசையை ஒன்றும் விடாமல் இறங்குவதுதான். தந்திகளை சி6இலேயே வைத்துக்கொண்டு, பாடும் சுருதி வழக்கமான டி என்றால், 1ஆம் தந்தியில் 10, 9, 7, 5, 3, 2 என்றும், 2ஆம் தந்தியில் 4, 2 என்றும் வரும். அடுத்த அடி 1ஆம் தந்தியில் 5, 7, 7, 9, 9, 10 என்று மேலே திரும்பிப் போகும். இறங்கும்போது எட்டுச் சுரங்களையும் எட்டு முறை மீட்டுங்கள். பத்திலிருந்து ஒன்பதுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கும் உள்ள அரைச்சுர நகர்வுகளில்தான் கை தன்னையறியாமல் இழுத்துவிடும், அவ்விரண்டையும் தனியாக எடுத்துப் பழகுங்கள். இந்தக் கீதம் மகிழ்ச்சியோடு முழங்க வேண்டியது. ஓர் இழுவை விழுந்தாலும் அது சோம்பல் முறிப்பதுபோல ஆகிவிடும். இதில் ஓர் இழுவைகூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பக்தரே வாரும் கீதத்தில் சிக்கல் வேறு. சி சுருதியில் அதன் தொடக்கம் 2ஆம் தந்தியில் 12, 12, 4ஆம் தந்தியில் 12, 2ஆம் தந்தியில் 12, 14, 4ஆம் தந்தியில் 12 என்று தாவித் தாவிப் போகும். பிறகுதான் 1ஆம் தந்தியில் 12, 10, 12, 13, 12 என்று அடுத்தடுத்த சுரங்கள் வருகின்றன. பதினான்கிலிருந்து கீழே தாவும்போது 2ஆம் தந்தி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் பார் 12க்குப் பின்வாங்குவது ஊளையாகக் கேட்கும். தந்தியை முதலில் நிறுத்துங்கள்.

மைனர் சாயலுக்கு வாட் சைல்ட் இஸ் திஸ் கீதம் பொருத்தமானது. கிரீன்ஸ்லீவ்ஸ் என்ற பழைய ஆங்கில மெட்டில் அமைந்த அது, ஏ மைனரில் 1ஆம் தந்தியிலேயே 5, 8, 10, 12, 13, 12, 10, 7, 3 என்று தொடங்கிப் போகிறது. துணைக்கோர்ட்டுக்கு 12ஆம் ஃபிரெட்டில் 3, 2, 1ஆம் தந்திகளைத் தொட்டால் போதும். இந்த மெட்டு மட்டும் சற்றுத் தாராளமான இழுவையைப் பொறுத்துக்கொள்ளும்.

கீர்த்தனைக்கு வேறு கை

கொழும்பின் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஒரே ஆராதனையில் ஆங்கிலேயர் தந்த மெட்டும் தமிழ்க் கீர்த்தனையும் அடுத்தடுத்து வரும். தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் அந்தக் கீர்த்தனை மரபில், இதுவரை நான் சொன்ன விதி தலைகீழாகிறது. அங்கே சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் வழியிலேயே இராகம் இருக்கிறது. இழுக்காமல் வாசித்தால் கீர்த்தனை மொட்டையாக நிற்கும். கோட்டு வாத்தியம் என்கிற சித்திர வீணையை உற்றுக் கேளுங்கள். அதிலும் தந்தியின் மேல் ஓர் உருளைதான் வழுக்கிப் போகிறது, ஆனால் ஹவாய் பாணியின் சீரான நடுக்கம் அதில் கிடையாது. ஒரு சுரத்தைத் தொட்டு, பக்கத்துச் சுரத்தின் ஓரம்வரை போய், திரும்பி வரும் கமகம் அது. ஸ்டீல் கிட்டாரில் அதை முயல்வோர் ஒரே தந்தியில் நீளவாக்கில் வாசிப்பது நல்லது; தந்தி மாறினால் கமகம் அறுந்துவிடும். ஒரு முறை மீட்டி இரண்டு மூன்று சுரங்களைப் பாரால் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதால் தந்தியின் ஒலி நீண்டு நிற்பது அவசியம், அதற்கு மின்சார லாப் ஸ்டீலே வசதி. எந்தச் சுரத்தில் எவ்வளவு அசைவு என்பதைப் பாடத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, வாயால் பாடிப் பார்த்த பிறகே வாத்தியத்தில் எடுங்கள்.

பாடகர் குழுவோடும் ஓர்கனோடும்

தனியாக வாசிக்கும்போது இனிக்கும் சுரம் ஓர்கனோடு சேரும்போது பிசகாகக் கேட்பதுண்டு. காதால் மட்டுமே சுருதி சேர்ப்பவர் ஈ தந்திகளைத் தம்மையறியாமல் சற்றுத் தாழ்த்தி வைத்துவிடுவார். இயற்கையான மேஜர் மூன்றாம் சுரம், கீபோர்டில் உள்ளதைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் கீழே இருப்பதால் காதுக்கு அதுவே இனிமை. பாடகர்களோடு மட்டும் வாசித்தால் அப்படியே விட்டுவிடலாம். ஓர்கனோ கீபோர்டோ இருந்தால் 1ஆம் 5ஆம் தந்திகளை மின்னணு டியூனரில் நடுக்கோட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

ஒப்பில்லா திரு இரா கீதம் பல பாடற்புத்தகங்களில் சி சுருதியிலும் பி ஃப்ளாட் சுருதியிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. பி ஃப்ளாட் என்றால் மேலே தந்த எல்லா ஃபிரெட் எண்களிலும் இரண்டைக் கழித்துக்கொண்டால் சரி. 12 பத்தாகும், 14 பன்னிரண்டாகும், கை வடிவம் மாறாது. கடைசிச் சரணத்தை அரைச்சுரம் உயர்த்த ஓர்கன் வாசிப்பவர் விரும்பினால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் ஸ்டீல் கிட்டார்காரருக்கு மற்ற வாத்தியக்காரர்களைவிட வேலை குறைவு.

சபையார் பாடும்போது மெட்டைப் பெரிதாக வாசிக்க வேண்டாம். பெண் குரல்கள் ஒலிக்கும் அதே உயரத்தில் இந்த வாத்தியமும் ஒலிப்பதால், இரண்டும் மோதி இரண்டும் கெடும். அறிமுகமாகக் கடைசி அடியை வாசியுங்கள், சரணங்களுக்கு இடையே ஒரு முறை மெட்டை எடுங்கள், பாடும் நேரத்தில் 6, 5, 4ஆம் தந்திகளில் நீண்ட கோர்ட்டுகளை மெதுவாக வைத்திருங்கள். முடிவில் மணியோசை வேண்டுமென்றால், சி சுருதியில், பாரைத் தூக்கிவிட்டு 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே உள்ளங்கை விளிம்பால் தந்திகளைப் பட்டும் படாமலும் தொட்டு, 6, 5, 4ஆம் தந்திகளை மீட்டிய கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். ஒரு கீதத்தில் ஒரு முறை மட்டும்.

கட்டடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் உயர்ந்த குவிமாடத்தோடு நிற்கும் புனித லூசியா பேராலயத்திலோ, ஒல்லாந்தர் காலத்தில் 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்ஃபெண்டால் ஆலயத்திலோ எழும் எதிரொலியே தாராளம். அம்ப்ளிஃபயரின் ரிவர்பை, அதாவது செயற்கை எதிரொலியை, முழுவதும் குறைத்துவிட்டு, சத்தத்தை அடக்குவதில் இன்னும் கவனம் வையுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் வரவேற்பறையில் சிறிது ரிவர்ப் இல்லாவிட்டால் ஒலி காய்ந்திருக்கும்.

டிசம்பரில் மட்டும் தலைகாட்டும் ஒரு தொல்லையும் உண்டு. பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட லாப் ஸ்டீல்கள் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். பாலன் குடிலைச் சுற்றி மின்னும் விளக்கு மாலை, மின்விசிறி ரெகுலேட்டர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் உங்களை உட்கார வைத்தால், அம்ப்ளிஃபயர் பாட்டுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடும். கதிரையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பிக்கப் ஒரு திசையை நோக்கும்போது இரைச்சல் வெகுவாகக் குறையும். அப்போதும் குறையாவிட்டால் குடில் விளக்குகளை வேறு பிளக்கில் பொருத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய அம்ப்ளிஃபயராக இருந்தால் அதன் பின்புறத்தில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் நமது 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி தேவை. வீடு வீடாகப் போகும் கரோல் குழுவுக்குப் பற்றரியில் இயங்கும் சிறிய அம்ப்ளிஃபயரும் தோள்பட்டியும் வேண்டும். நின்றுகொண்டு வாசிப்பதைக் கண்ணாடி முன் முன்னரே பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் நிற்கும்போது ஃபிரெட் கோட்டைப் பார்க்கும் கோணம் மாறி, பார் இருக்கும் இடமும் மாறிவிடும்.

கடற்காற்று வீசும் காலி வீதிப் பக்கத்து வீடுகளில் தந்திகள் வெகு விரைவில் துருவேறும். துருவேறிய தந்தியில் பார் வழுக்காது, அரிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, பாரையும் துடைத்து, பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். புதுத் தந்திக்கூட்டத்தை ஒளிவிழாவுக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அன்று காலையில் மாற்றிய தந்தி மாலைவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.